வீட்டுப் பியானோவைப் பேணுமாறு

தென்னாட்டுக் கிறித்தவ இல்லங்கள் சிலவற்றின் முன்கூடத்தில், சுவரோரமாக, மார்பளவு உயரமுள்ள கரிய பேழையொன்று நிற்கக் காணலாம். அதன்மேல் பின்னல் துணி விரித்திருக்கும். துணியின்மேல் பூச்சாடியும், மணவிழாப் படமும், கடிகாரமும் வீற்றிருக்கும். கிறிஸ்துமஸ் நாளில் குடிலும் அதன்மேலேயே அமையும். வீட்டார் அதனை நாள்தோறும் துடைப்பர், ஆயினும் திறவார். 'இது யாது?' என வினவும் விருந்தினர்க்குப் 'பாட்டி வாசித்த பியானோ' என்பதே விடையாகும். இத்தகைய பேழையொன்று தூத்துக்குடியில் எம் இல்லத்திலும் உண்டு. அதனைக் காக்கக் கருதி எம் வீட்டார் செய்த பிழைகளையும், பின்னர் யாம் கற்றுக்கொண்டவற்றையும், இத்தகைய கருவியுடையார்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தமிழ் பயிலும் எமக்கு மேனாட்டுக் கருவியைப் பற்றிய கவலை எதற்கு என்று நண்பர் சிலர் நகைத்தனர். இசைக்கருவியின் நலந்தீங்கு ஆராய்தல் தமிழர்க்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையின் முன் வைக்கப்பட்ட யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாய் எடுத்து நோக்கி, ஒன்றன் மரம் நீரிற் கிடந்து கெட்டது, ஒன்று தீயில் வெந்தது, ஒன்று இடியுண்டது எனக் குற்றம் கூறி ஒதுக்குகின்றான். நரம்பினுள் மயிர் இருப்பதையும் எடுத்துக் காட்டுகின்றான். இத்துணை நுட்பமாகக் கருவியை அறிந்தவர் வழிவந்த நம்மிடம் அப்பழைய யாழொன்றும் எஞ்சவில்லை. விபுலானந்த அடிகளார் 1947-இல் வெளிவந்த தம் யாழ் நூலில், நூற்சான்றுகளைக் கொண்டே யாழின் உருவையும் சுருதியையும் ஆராய்ந்து கூற வேண்டியவராயினார். வாசிப்பார் இல்லாத கருவிக்கு நேர்வது இதுவேயன்றோ! நிற்க.

பியானோவைப் பேண விரும்புவார் அதன் உள்ளமைப்பை ஒருவாறேனும் அறிதல் வேண்டும். இத்தாலி நாட்டுப் பதுவா நகரத்தவராய், புளோரன்ஸ் நகரில் மெடிச்சி இளவரசரிடம் பணியாற்றிய பர்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி என்பார் 1700-ஆம் ஆண்டையொட்டி இக்கருவியை ஆக்கினார். அதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகார்டில் இறகின் முனை கம்பியைச் சுண்டும். விரலை மெல்ல வைப்பினும் வலிதாக அழுத்தினும் ஒலியின் அளவு பெரிதும் வேறுபடாது. கிறிஸ்தோஃபோரி சுண்டுதலை விடுத்து, சிறு சுத்தியலால் தட்டும் முறையைக் கண்டார். மெல்லொலியும் வல்லொலியும் விரலின் ஏவலுக்கு அடங்கியமையின், அவ்விரண்டையும் குறிக்கும் இத்தாலியச் சொற்களே கருவிக்குப் பெயராயின. அவர் செய்தவற்றுள் மூன்று இன்றும் உள்ளன. 1720-இல் செய்தது நியூயார்க்கு நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அங்கே முந்நூறு ஆண்டு நிலைத்திருக்கும் மரமும் கம்பளியும் எம் வீட்டில் பன்னிரண்டே ஆண்டில் சீர்குலைந்தது யாங்ஙனம் என்பதே எம் கட்டுரைப் பொருள்.

இக்காலப் பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. எம்முடையது பழையதாதலின் 85. ஒரு கட்டைக்கு ஒரு கம்பி என்று எண்ணற்க. மேலோசைக்கு மும்மூன்றும், கீழோசைக்கு இரண்டும் ஒன்றுமாக, ஏறத்தாழ 220 எஃகுக் கம்பிகள் உண்டு. கீழோசைக் கம்பிகளின்மேல் செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். இவையனைத்தும் சேர்ந்து இழுக்கும் விசை 15 முதல் 20 டன் வரை ஆகும். இதனைத் தாங்கவே உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் அமைந்துள்ளது. பாஸ்டன் நகரத்து ஆல்ஃபியஸ் பாப்காக் என்பார் 1825-இல் இத்தகைய ஒரே வார்ப்பான சட்டத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஆகவே, பலர் நினைப்பதுபோல் பியானோ வெறும் மரப்பெட்டியன்று. இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையதாய், ஓயாது இழுபட்டு நிற்கும் ஓர் எந்திரமாகும்.

அவ்வெந்திரத்தின் உயிர்நிலை கம்பிகளுக்குப் பின்னுள்ள ஒலிப்பலகை. குளிர்நாட்டு ஸ்புரூஸ் மரத்தை மிக மெல்லியதாக இழைத்து, நடுவே சிறிது புடைத்திருக்குமாறு அமைப்பர். வீணையில் உள்ளதுபோல் இதிலும் குதிரை உண்டு. கம்பிகள் அதன்மேல் ஏறிச் செல்லும். காற்றில் ஈரம் மிகுந்தால் பலகை நீரை உண்டு புடைக்கும், குதிரை உயரும், கம்பி இறுகும், சுருதி ஏறும். காற்று உலர்ந்தால் பலகை சுருங்கிச் சுருதி இறங்கும். எல்லாக் கட்டைகளும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் கேடில்லை. நடுப்பகுதி மிகுதியாகவும் ஓரங்கள் குறைவாகவும் மாறுதலின் ஒன்றோடொன்று ஒவ்வாமற் போகின்றது. இம்மாற்றம் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் பலகை வெடிக்கும், பசை விட்டுப்போகும், முறுக்காணிகளைப் பற்றியிருக்கும் கட்டையும் பிடிதளரும்.

எம் ஊரின் காற்றோ இவ்வகையில் மிகக் கொடியது. ஆனி, ஆடித் திங்கள்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று மண்ணை வாரி வீசும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து சுவரெல்லாம் வியர்க்கும். எப்போதும் கடற்காற்றில் உப்பு உண்டு. ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருப்பது கருவிக்கு நலமென்பர். கடற்கரையில் அது கைகூடுவது அரிது. ஆயினும், இருக்கும் ஈரம் பெரிதும் ஏறியிறங்காமற் காத்தல் கைகூடும். வெயில் படும் சன்னலோரம், மழைநீர் ஊறும் வெளிச்சுவர், சமையலறை வாயில், குளிர்சாதனப் பொறியின் நேர்முகம் ஆகியவற்றை விலக்கி, உட்சுவரொன்றை அடுத்து, சுவரினின்று ஒரு சாண் விலக்கிக் கருவியை நிறுத்துக. குளிர்சாதனத்தை இரவில் நான்கு மணிநேரம் ஓட்டிப் பின் நிறுத்திவிடுவது, ஒருபோதும் ஓட்டாமையினும் தீது. நாள்தோறும் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் மரத்திற்குக் காட்டியதாகும் அது.

இனி எம் கதைக்கு வருவோம். எம் பாட்டியார் 2011-இல் இறைவனடி சேர்ந்தார். அப்போது எமக்கு ஐந்து வயது. அடக்கம் முடிந்த மறுநாள் தாத்தா பியானோவைத் துடைத்து, மூடியைப் பூட்டி, பெரிய பிளாஸ்டிக் விரிப்பால் இறுகப் போர்த்தி, திறவுகோலைத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். குழந்தைகள் தொடலாகாது என்பது அவர் கட்டளை. அன்பினாற் செய்த அச்செயலை எவரும் தடுத்திலர். பன்னிரண்டு ஆண்டு கழிந்து, 2023 பிப்ரவரியில், எம் தங்கை இசை கற்க விரும்பியபோது அவரே திறவுகோலைக் கொணர்ந்து கொடுத்தார்.

திறந்தபோது கண்டதை எழுதக் கை கூசுகின்றது. பிளாஸ்டிக் விரிப்பு வெளியீரத்தைத் தடுத்ததோ இல்லையோ, உள்ளீரத்தை வெளிவிடாமற் சிறைசெய்திருந்தது. கம்பிகளில் துரு ஏறியிருந்தது. சுத்தியல்களின் தலை கம்பளிமயிரை அழுத்திச் செய்த ஃபெல்ட்டாலானது. ஒலியை அடக்கும் பட்டைகளும் அதனாலானவையே. அவற்றை அந்துப்பூச்சியின் புழுக்கள் அரித்துவிட்டிருந்தன. பெடலுக்கென விட்ட துளை வழியே எலி புகுந்து, அடித்தளத்தில், பாட்டியாரின் பாட்டுப் புத்தகத் தாள்களைக் கிழித்துக் கூடு கட்டியிருந்தது. எலியின் நீர் பட்ட இடத்தில் மூன்று கம்பிகள் இற்று அறுந்திருந்தன. வெண்கட்டைகள் மஞ்சள் பூத்திருந்தன.

அம்மஞ்சளின் காரணம் எம்மை வியப்பித்தது. பழைய கட்டைகளின் மேல் ஒட்டியிருப்பது யானைத் தந்தத் தகடு. தந்தம் ஒளியில் வெளுத்தும் இருளில் மஞ்சளித்தும் போகும் இயல்பினது. மூடியைத் திறந்து வைத்து மிதமான பகலொளி படவிட்டால் நிறம் நாளடைவில் ஓரளவு மீளும். இதனை அறியாது எலுமிச்சைச் சாறும் பற்பொடியும் இட்டுத் தேய்ப்பவர் உளர். தகடு தேய்வதன்றி வேறு பயனில்லை. ஈரத்துணியும் ஆகாது. தகட்டை ஒட்டியிருப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. நீர் இறங்கினால் விட்டுப்போகும். நன்றாகப் பிழிந்த மென்துணியால் இரண்டிரண்டு கட்டையாகத் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றுவதே முறை. 1989-இல் நாடுகளின் உடன்படிக்கையால் தந்த வாணிகம் தடுக்கப்பட்டதாதலின், இழந்த தகட்டிற்குப் புதியது கிட்டாது. அதற்காக வருந்தவும் வேண்டா, யானைகள் வாழ்க.

அடுத்த பிழை எம் மாமாவினுடையது. ஒட்டிக்கொண்ட கட்டைகளை இளக்குவான் வேண்டி, தையல் எந்திரத்திற்கு இடும் எண்ணெயைக் கட்டைகளினிடையே சொட்டினார். ஒருநாள் நன்றாக ஓடின. மூன்றாம் நாள் முன்னிலும் இறுகின. கட்டையைத் தாங்கும் ஊசிகளைச் சுற்றி மெல்லிய கம்பளித்துணி உண்டு. அது ஈரத்தால் வீங்கியமையே இறுக்கத்திற்குக் காரணம். எண்ணெய் பட்டால் அது மேலும் ஊறித் தூசியையும் பற்றிக்கொள்ளும். முறுக்காணிகளில் எண்ணெய் பட்டாலோ கேடு இன்னும் பெரிது. ஆணி நிற்பது உராய்வினாலன்றோ? வழுக்கும் ஆணி எவ்வாறு சுருதியைப் பிடித்து நிறுத்தும்? பியானோவினுள் வீட்டார் கையால் எவ்வித எண்ணெயும் இடலாகாது.

பிறகு வெளியூரிலிருந்து சுருதி கூட்டும் முதியவர் ஒருவரை வருவித்தோம். இக்கலையறிந்தார் இந்நாளில் மிகச் சிலரே. அவர் முதலில் சுருதியில் கை வைத்திலர். முன்பலகைகளைக் கழற்றி, விளக்கொன்றை ஏந்தி, அரைமணி நேரம் உள்ளே நோக்கியிருந்தார். தாத்தா அருகே நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். முடிவில், "நான் பூட்டி வைத்ததால் வந்ததா?" என்று கேட்டார். "பூட்டியது குற்றமில்லை, ஐயா, இடையிடையே திறந்து பார்த்திருக்கலாம்" என்று முதியவர் பணிவாகவே சொன்னார். தாத்தா அன்று மாலைவரை ஒன்றும் பேசவில்லை.

அம்முதியவர் எமக்குக் கற்பித்தவை பல. கருவியின் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கியிருந்தது. அதனை ஒரே நாளில் ஏற்றினால் துருவேறிய கம்பிகள் அறுமென்று, சில வார இடைவெளியில் மூன்று முறை சிறிது சிறிதாக ஏற்றினார். தங்கை, "440-க்கு வருமா?" என்று வினவினாள், உலக வழக்கில் 'ஏ' என்னும் சுரத்திற்கு நொடிக்கு 440 அதிர்வு என்பது அளவு. அவர் சற்றுக் கீழேயே நிறுத்தி, 'கிழவியை மாடிப்படி ஏற்றக்கூடாது, பாப்பா' என்றார். ஏனைய கருவிகளோடு சேர்த்து வாசியாத வீட்டுப் பியானோவுக்கு இது குறையன்று.

பூச்சிக்கு அவர் கூறியது: அந்துருண்டையை உள்ளே உருட்டிவிடலாகாது, சிறு துணிப்பையிலிட்டு, மரத்திலும் கம்பியிலும் படாமல், அடிப்பகுதியில் தொங்கவிடலாம். அதனினும் சிறந்தது திங்களுக்கொருமுறை கீழ்ப்பலகையை எடுத்து நோக்குதல். புழு இருளையும் அசைவின்மையையும் விரும்பும். நாளும் தட்டப்படும் சுத்தியலில் அது குடியேறுவது அரிது. பெடல் துளையின் உட்புறம் கம்பிவலை அடித்தால் எலிக்கு வழியில்லை. கறையானுக்கு அஞ்சி, உணவுப் பேழையின் கால்களை நிறுத்துவதுபோல் பியானோவின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துவார் உளராம். அந்நீர் ஆவியாகி நேரே ஒலிப்பலகைக்கன்றோ செல்லும்! உலர்ந்த கண்ணாடிக் கிண்ணமே போதும். கறையான் மண் ஏறினால் கண்ணுக்குப் புலனாகும்.

மழைக்கால ஈரத்திற்கு நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிய மருந்து, அடிப்பேழையினுள் 25 வாட் மின்குமிழ் ஒன்றை எரியவிடுவது. மரத்தினின்று ஒரு சாணேனும் விலகி, கூடிட்டு மாட்ட வேண்டும். மழை நின்றதும் அணைத்துவிட வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. இக்காலக் கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. விளக்கு ஒளி தருமன்றி வெப்பம் பெரிதும் தாராது. அதனை மாட்டிவிட்டு ஒரு திங்கள் யாம் மகிழ்ந்திருந்தோம். எலிக்கு விளக்கேற்றிய புண்ணியமே மிச்சம். பழைய இழைக்குமிழ் தேடி ஊரெல்லாம் அலைந்தோம்.

வாசிப்பதாலும் தேய்மானம் உண்டென்பதை மறைக்கலாகாது. சுத்தியலின் தலையில் கம்பிகளின் தடம் பதிந்து பள்ளமாகும்; ஒலி கூர்மையாகிக் காதைக் குத்தும். தேர்ந்தவர் மணற்சீலையால் அத்தலையைச் சீவிச் சரிசெய்வர். இதனைச் சிலமுறையே செய்யலாம். ஆயினும் இத்தேய்மானம் மெல்ல வருவது, காதுக்குத் தெரிவது, திருத்தத் தகுவது. பூட்டிய இருளில் வரும் கேடோ ஓசையின்றி வந்து, காணும்போது முற்றியிருக்கும். ஒன்றைத் தேர்க எனின், யாம் வாசிப்பதனையே தேர்வோம். கைகழுவி வாசித்தல், கட்டைகளின் மேல் பென்சிலும் ஊக்கும் வையாமை, மேற்பலகையினின்று பூச்சாடியை அகற்றல் ஆகியன சிறுவர்க்கும் எளியன. பின்னல் துணியையும் படங்களையும் எடுத்தபின், நெடுநாள் வருத்திய ஒரு கறகற ஓசை எம் வீட்டில் நின்றது. அது கம்பியின் குற்றமன்று. மணவிழாப் படத்தின் கண்ணாடி அதிர்ந்ததே.

இவ்வாறு ஓரளவு தேறிய கருவிக்குப் பெருஞ்சோதனை அவ்வாண்டின் இறுதியிலேயே வந்தது. 2023 டிசம்பர் 17-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையை எம் மாவட்டத்தார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. இரவில் எம் தெருவில் நீர் ஏறத் தொடங்கிற்று. அரிசி, துணி, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினோம். பியானோவை ஏற்ற இயலாது. 'அது போகட்டும், பிள்ளைகளைப் பாருங்கள்' என்று தாத்தாவே சொன்னார். ஆனால் அண்டை வீட்டு இளைஞர் நால்வரும் எம் தந்தையாரும் மாமாவும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டனர். கைப்பிடியையும் சக்கரங்களையும் நம்பாமல், அடிச்சட்டத்தின் கீழ் இரு கட்டைகளைக் கொடுத்து, ஒருபுறம் ஒரு செங்கல் உயரம், மறுபுறம் ஒரு செங்கல் உயரம் என மாறி மாறித் தூக்கி, கொட்டடியிற் கிடந்த சிமெண்டுக் கற்களின்மேல் இரண்டடிக்கு உயர்த்தினர். விடியும்போது கூடத்தில் நீர் முழங்காலுக்குச் சிறிது கீழே நின்றது; கற்களில் ஒரு சாண் மீதி இருந்தது.

நீர் படவில்லையாயினும், வடிந்தபின் வீடு பல நாள் ஈரச்சாக்குப்போல் இருந்தது. கட்டைகள் பாதிக்குமேல் எழவில்லை. உடனே வெயிலில் இழுத்து வைக்கலாமென்றும் வெப்பக்காற்றுப் பொறியை ஊதவிடலாமென்றும் பலர் கூறினர். முதியவரைத் தொலைபேசியில் வினவினோம். 'வேகமாக ஊறியதை வேகமாகக் காயவைத்தால் பலகை வெடிக்கும். முன்பலகைகளைக் கழற்றிச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். சுவர் காய்ந்தபின் குமிழை ஏற்றுங்கள். சுருதியை இப்போது தொடவேண்டா' என்றார். அங்ஙனமே செய்தோம். பொங்கலுக்குப் பின்னர்க் கட்டைகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. மரம் தன்நிலைக்கு வந்தபின், பிப்ரவரித் திங்களில் அவர் வந்து சுருதி கூட்டினார். மழைக்காலத்தின் நடுவில் கூட்டுவது வீண்செலவென்றும், மழை ஓய்ந்து இரு திங்கள் சென்றபின் ஒருமுறையும், மேல்காற்று ஓய்ந்தபின் ஒருமுறையும் கூட்டுவதே எம் ஊருக்கு ஏற்றதென்றும் கூறிச் சென்றார்.

இப்போது காலையில் எழுந்ததும் தாத்தா செய்யும் முதல் வேலை பியானோவின் மூடியைத் திறப்பது. அவர்க்கு வாசிக்கத் தெரியாது. இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை 85 கட்டைகளையும் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்ப்பார். மேல்வரிசையில் இரண்டு இன்னும் ஒலிப்பதில்லை. கீழ்வரிசையில் ஒன்று மழை வரும் முன்னரே ஒட்டிக்கொள்கின்றது. முதியவர் மறுமுறை வரும்போது காட்டுவதற்காக, அவற்றின் இடத்தை ஒரு சீட்டில் குறித்து, இசைத்தாள் தாங்கியிற் செருகி வைத்திருக்கின்றார்.